டோக்கன் அக்காவின் சிபாரிசு

அந்தப் பல் மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் டோக்கன் அக்காவைக் கடந்தாக வேண்டும். கீழே தரை ஓடு விற்கும் கடை. அதன் பக்கவாட்டில் இருபத்திரண்டு படி. ஏறியதும் ஒரு கண்ணாடிக் கதவு, கிராம்புத் தைல வாசனை, உள்ளறையிலிருந்து ட்ரில்லின் கீச்சொலி. அந்த ஒலி கேட்டவுடன் திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிற ஆளை, மேசைக்குப் பின்னாலிருந்தபடியே அக்கா பிடித்துவிடுவாள்.

"வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. இடது பக்கம், கீழ்ப் பல்லுதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கன்னம் சொல்லுதே."

வயது நாற்பத்துமூன்று. பதினான்கு வருடமாக அதே நாற்காலி. கணவர் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அக்காவை விட இருபது வயது மூத்தவர்களும் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்படிப்பட்டவளுக்கும் புத்தகத்துக்கும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். எழுத்து வரிசையாக நின்றால் அவளுக்குக் கொட்டாவியும் வரிசையாக வரும். ஒரு பக்கத்தின் கடைசி வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துபோகும். பள்ளிப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் ஒன்றை முழுதாக முடித்ததாக அவளுக்கு நினைவில்லை. அதற்காக வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஞானப் பல் பிடுங்கிக்கொண்ட ஒரு பெண் மரத்துப்போன வாயோடு கிளம்பும்போது ஒரு துணிப்பையை விட்டுவிட்டுப் போனார். தொலைபேசி எண்ணுக்கு அடித்தால் எடுக்கவில்லை. பை மேசை இழுப்பறையில் ஒரு வாரம் கிடந்தது. ஒரு மதியம் கூட்டமில்லாத நேரம், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தாள். ஒரே ஒரு புத்தகம். தடியாக, பெரிதாக இருந்தது. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாகப் படம். சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று நினைத்துக்கொண்டுதான் புரட்டினாள்.

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிற ஒரு பெண்ணின் கதை அது. முதல் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சொல் கிடையாது. கயிறு, வாளி, கண்ணாடி, கண்ணாடிக்குள் அவரவர் வேலையைப் பார்க்கிற மனிதர்கள். யாரும் அவளைப் பார்ப்பதில்லை. பதினேழாவது மாடியில் ஒரு கிழவர் மட்டும் தினமும் தனியாகச் சாப்பிடுகிறார். ஒரு நாள் அவர் ஜன்னலின் உள்பக்க விளிம்பில் இரண்டாவது தட்டு ஒன்றை வைக்கிறார். நடுவில் திறக்க முடியாத கண்ணாடி. அவ்வளவுதான்.

டாக்டர் வெளியே வந்தபோது அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என்ன, உனக்கும் பல் வலியா?"

"இல்ல டாக்டர். தட்டு வச்சுட்டாரு."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்குகிற நிலையில் அக்காவும் இல்லை. முழுப் புத்தகத்தையும் அன்று மாலைக்குள் முடித்தாள். ஒரு புத்தகத்தை முடித்தோம் என்பதே அவளுக்கு நம்ப முடியாத சங்கதியாக இருந்தது. பையின் சொந்தக்காரர் ஒருவழியாகத் தொலைபேசியை எடுத்தபோது, பை இருக்கிறது என்பதைக்கூடச் சொல்ல மறந்து, "மேடம், அந்தக் கிழவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "படிச்சிட்டீங்களா? அப்போ நீங்களே வச்சுக்கோங்க. இதுக்கு கிராஃபிக் நாவல்னு பேரு. பெரிய நூலகத்துல மூணாவது மாடியில ஒரு அலமாரி முழுக்க இருக்கு, போய்ப் பாருங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்தாள். அன்றைக்கு அந்த அலமாரியைப் பார்த்த அக்காவின் முகத்தை யாராவது படம் பிடித்திருந்தால், வாய் பிளந்தபடி வந்திருக்கும்.

வரவேற்பறையில் அட்டை கிழிந்த பழைய வார இதழ்கள் கிடந்த தட்டைக் காலி செய்து, தன் புத்தகங்களை வைக்க அனுமதி கேட்டபோது டாக்டர் முகம் சுளித்தார். "பெரியவங்க வர்ற இடத்துல படக்கதையா?"

"நீங்க எக்ஸ்ரேவைப் பார்த்துதானே டாக்டர் முழுக் கதையும் சொல்றீங்க?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அதை அனுமதி என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

எடுத்த எடுப்பிலேயே எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. முதன்முதலில் ஒரு வங்கி அதிகாரியிடம், "இதுதான் ரொம்பப் பெரிய புத்தகம், எல்லாரும் புகழ்றாங்க" என்று அறுநூறு பக்கத்துப் போர்க் கதை ஒன்றைக் கொடுத்தாள். வீங்கிய தாடையோடு மூன்றாம் பக்கத்திலேயே ஒரு சிப்பாயின் பற்கள் சிதறுவதைப் பார்த்த மனிதர், புத்தகத்தை மூடிவிட்டு அதன் பிறகு அந்தத் தட்டுப் பக்கமே திரும்பவில்லை. இன்னொருவருக்குத் தொடர்கதையின் நான்காம் பாகத்தைக் கொடுத்துவிட்டு, "யாரு இந்தக் கண்ணாடி போட்ட ஆளு, ஏன் எல்லாரும் அவனை அடிக்கிறாங்க?" என்ற கேள்விக்குத் திருதிருவென்று விழித்தாள்.

பட்டுத்தான் தெளிந்தாள். புதிதாக வருகிறவருக்கு ஒரே புத்தகத்தில் முடிகிற கதையாக இருக்க வேண்டும். ஊரே புகழ்வதைக் காட்டிலும் அந்த ஆளுக்கு எது ஒட்டுமோ அதைக் கொடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவளே ஒரு கேள்வி வைத்திருந்தாள். "பஸ்ல ஜன்னல் ஓரம் கிடைச்சா வெளிய பார்ப்பீங்களா, போனைப் பார்ப்பீங்களா?" வெளியே பார்ப்பேன் என்பவருக்குப் பேச்சே இல்லாத புத்தகம். போன் என்றால் வாய் ஓயாமல் பேசுகிற இரண்டு சகோதரிகளின் சிரிப்புக் கதை. "பக்கத்துல உக்காந்திருக்கறவங்க போனைப் பார்ப்பேன்" என்று உண்மையைச் சொன்ன பள்ளி வேன் ஓட்டும் அம்மாவுக்கு ஒரு துப்பறியும் கதை. அந்தம்மா மூன்றே நாளில் திரும்பி வந்து, "பல்லு நல்லாருக்கு, அடுத்த புக்கைக் குடு" என்றார்.

இப்படிக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த அக்காவிடம்தான் பிழை சார் வந்து சேர்ந்தார்.

பாடநூல் அச்சிடும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஐம்பத்தெட்டு வயது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை, வாரம் ஒருமுறையாக நான்கு முறை வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்து உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் சுவரைக் காட்டினார்.

"'கைப்பேசியில் மெல்ல பேசவும்'னு எழுதியிருக்கீங்க. 'மெல்லப் பேசவும்'. நடுவுல 'ப்' எங்க போச்சு?"

"பல்லைப் பிடுங்கும்போது அதையும் சேர்த்துப் பிடுங்கிட்டாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. அக்கா தன் பஸ் கேள்வியைக் கேட்டாள். "கடைப் பலகைகளைப் படிச்சுட்டே வருவேன். நூத்துக்கு நாப்பது தப்பா இருக்கும்" என்றார். இந்தப் பதில் அக்காவின் கணக்கிலேயே இல்லை. கொஞ்சம் தடுமாறி, தன் உயிருக்கு உயிரான கண்ணாடி துடைக்கும் பெண்ணின் புத்தகத்தையே எடுத்து நீட்டினாள்.

ஏழு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தே சொல்லலாம். புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"முடிச்சிட்டேன். எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல. ஆனா எழுத்தே ஒண்ணும் இல்லையே!"

"சார், அந்தக் கிழவர் ஜன்னல்ல என்ன வச்சாரு?"

"எந்தக் கிழவர்?"

அக்கா விரலால் மேசையை இரண்டு தட்டு தட்டினாள், அவ்வளவுதான். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர், "யாரையாவது திட்டணும்னா என்னைத் திட்டு, ஏன் தட்டை முறைக்கிற?" என்று கேட்டார். "ஏழு நிமிஷத்துல முடிச்சிட்டாராம்!" என்றாள். எதை, யார் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. பதினெட்டு வருட அனுபவம்.

ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதருக்குக் கண்ணில்லாமல் இல்லை. முப்பது வருடமாக எழுத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண் அது. படத்தை அது பக்கத்தின் வெற்றிடம் மாதிரி தாண்டிப் போய்விடுகிறது. யோசிக்க யோசிக்க அவளுக்கு வழி புலப்பட்டது. வழி கிடைத்ததும் அடுத்த புதன்கிழமை எப்போது வரும் என்று இருப்புக் கொள்ளவில்லை.

இரண்டாவது முறை அவர் சிகிச்சை முடிந்து, பாதி வாய் மரத்துப்போய் வெளியே வந்தபோது, எதிர்த்துப் பேச முடியாத அந்த நேரம் பார்த்து மடக்கினாள்.

"சார், இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இதுல பிழை இருக்கான்னு பார்த்துச் சொல்லணும். எழுத்துல வேண்டாம். படத்துல."

அவர் புருவம் உயர்ந்தது. கை பழக்கதோஷத்தில் சிவப்புப் பென்சிலுக்குப் போனது.

"புத்தகத்துல கிறுக்கக் கூடாது!"

அவள் கொடுத்தது படகுப் புத்தகம். அப்படித்தான் அவள் அதைச் சொல்வாள். ஆற்றில் பயணிகள் படகு ஓட்டும் ஒருவரைப் பற்றி அவர் மகள் சொல்கிற கதை. அவருக்கும் அவர் அண்ணனுக்கும் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கதை முன்னும் பின்னுமாகப் போகும்; அவர் இறந்த செய்தி நடுவிலேயே வந்துவிடும். கடைசியில், இறப்பதற்கு முந்தைய ஒரு மாலை, தம்பி அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். "தப்பு என் மேலதான்" என்கிறார். தொண்ணூற்றாறாம் பக்கம். அக்கா அதை ஆறு முறை படித்திருந்தாள். ஆறு முறையும் அந்தப் பக்கத்தில் அழுதிருந்தாள்.

மூன்றாவது புதன்கிழமை பிழை சார் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் இரண்டு தாள். நுணுக்கி எழுதிய பட்டியல்.

"பதினொரு பிழை" என்றார். குரலில் ஒரு மிதப்பு. "எப்படித்தான் அச்சுக்கு அனுப்பினாங்களோ! ஒன்பதாம் பக்கத்துல படகோட சக்கரத்துக்கு எட்டுக் கம்பி. நாப்பத்தொண்ணுல ஆறு. சரி, அதை விடுங்க. இந்தக் கடிகாரத்தைப் பாருங்க. பதினெட்டாம் பக்கம், படகு அறை ஜன்னல்ல சூரியன் உதிக்குது, மணி நாலு பத்து. அம்பத்திரண்டாம் பக்கம், அண்ணன் வீட்டுல, வெளிய உச்சி வெயில். அப்பவும் நாலு பத்து. தொண்ணூத்தாறு, அவர் கதவைத் தட்டறாரு, தெருவிளக்கு எரியுது, உள்ள கடிகாரத்துல அதே நாலு பத்து. மத்த பக்கத்துலயெல்லாம் நேரம் சரியா இருக்கு. ஒரு தடவை வரைஞ்சதையே எடுத்து ஒட்டியிருக்காங்க. சோம்பேறித்தனம்!"

"அப்படியெல்லாம் இருக்காது சார்" என்று சொல்லிக்கொண்டே அக்கா புத்தகத்தைப் பிடுங்கினாள். பதினெட்டு. நாலு பத்து. அம்பத்திரண்டு. நாலு பத்து. ஆறு முறை படித்தும் கண்ணில் படவில்லையே! தொண்ணூற்றாறை எடுத்தாள். கதவு, தம்பி, தெருவிளக்கு. அவருக்குப் பின்னால் காலித் தெரு. ஏதோ குறைகிறது.

"சார். அந்தப் பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"கதை சொல்ற மகள். எல்லாக் கட்டத்துலயும் ஒரு மூலையில இருப்பா. பாருங்க, இங்க மேசைக்கு அடியில. இங்க படிக்கட்டுல. இந்த மூணு இடத்துலயும் அவ இல்ல!"

பிழை சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். இருவர் தலையும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன. மேசையில் தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"அவ இல்லாத இடத்துல நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர், மெல்ல.

அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இருங்க சார், இருங்க, அறுபதாம் பக்கம்!" அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. அறுபதாம் பக்கம் மகளின் விடுதி. அப்பா இறந்துவிட்டார் என்று தொலைபேசி வருகிற பக்கம். காதில் ரிசீவரோடு அவள் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவரில் கடிகாரம்.

நாலு பத்து.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ அவர் போகவே இல்ல" என்றாள் அக்கா. "அண்ணன் வீட்டுக்குப் போகவே இல்ல. செய்தி வந்த அப்புறம் அவளா நினைச்சுக்கிட்டது. போயிருந்தா நல்லாருக்குமேன்னு."

"அந்த நிமிஷத்துலயே அவளோட கடிகாரம் நின்னுபோச்சு" என்றார் பிழை சார். சொல்லிவிட்டுத் தன் பட்டியலை எடுத்து, மூன்று பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் தானே அடித்தார்.

அதற்குள் வரவேற்பறையே மேசையைச் சுற்றி நின்றது. "என்னாச்சு, என்னாச்சு?" என்று வீங்கிய கன்னத்தோடு ஒரு எலெக்ட்ரீஷியன். வேன் ஓட்டும் அம்மா, "நான் அப்பவே நினைச்சேன்" என்று கூசாமல் பொய் சொன்னார். அப்போதுதான் பல் பிடுங்கி வாயில் பஞ்சு வைத்திருந்த ஒருவர் மிகுந்த உணர்ச்சியோடு நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கையுறையோடு டாக்டர். "எத்தனை தடவை மணி அடிக்கறது? ஏழாம் நம்பர் எங்க?"

"டாக்டர், அவர் மன்னிப்பே கேக்கல!" என்றாள் அக்கா.

"யாரு, ஏழாம் நம்பரா?"

ஏழாம் நம்பர் பிழை சார்தான். அவரைத் தள்ளிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. வாயைத் திறந்து வைத்திருந்த இருபது நிமிடமும் கூரையைப் பார்த்து ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தாராம். டாக்டர் பிறகு சொன்னார்.

வரைந்தவருக்குக் கடிதம் எழுதலாம் என்பது பிழை சாரின் யோசனை. நான்காவது முறை வந்தபோது பல்லுக்கு உறை போட்டுவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். "நாங்க அழுதோம்னு போடுங்க சார்" என்றாள். "நான் அழல" என்றார். "அப்போ நான் அழுதேன், சார் கண்ணைத் துடைச்சாருன்னு போடுங்க." கொஞ்சம் யோசித்து அப்படியே எழுதினார். கீழே மீதி எட்டுப் பிழைகளையும் வரிசைப்படுத்தினார். அதெல்லாம் வேண்டாம், மனசு நோகும் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. பதிப்பகத்தின் முகவரிக்குக் கடிதம் போனது.

இரண்டு மாதம் பேச்சுமூச்சு இல்லை. பல்லில் வேலை முடிந்துவிட்டபோதும் பிழை சார் புதன்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். "கடிதம் வந்துச்சா?" என்று கேட்பார், அப்படியே ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். இப்போது ஒரு பக்கத்துக்கே ஏழு நிமிடம். கண்ணாடி துடைக்கும் பெண்ணைத் திரும்ப எடுத்துப் படித்தவர், தட்டு வைக்கிற பக்கம் வந்ததும் அக்காவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு ஒரு நாள் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. பிழை சாருக்குத் தொலைபேசி போனது; அச்சகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இருபத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார். அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். கடிகாரத்தைப் பற்றி எனக்கு முதன்முதலில் எழுதியவர்கள் நீங்கள்தான் என்று வரைந்தவர் எழுதியிருந்தார். புத்தகம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டுவிட்டாராம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசித்த வரியையே மூன்று முறை வாசித்தாள்.

"அடுத்தது, அடுத்தது" என்று அவசரப்படுத்தினார் பிழை சார்.

மீதி எட்டில் ஏழும் வேண்டுமென்றே செய்தவை. ஆனால் படகுச் சக்கரம்? அது சுத்தமான பிழை, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கை தவறிவிட்டது, அடுத்த பதிப்பில் எட்டுக் கம்பியாகத் திருத்திவிடுகிறேன், மிக்க நன்றி.

பிழை சார் எழுந்து நின்றுவிட்டார். ஏழு நுட்பங்களைக் கண்டதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா? திருத்தறாங்க!" என்று பஞ்சு வைத்தவர், வைக்காதவர் எல்லாரிடமும் காட்டினார். முப்பது வருடம் பாடநூலில் திருத்திய பிழைகளுக்கு ஒருவர்கூட அவருக்கு நன்றி எழுதியதில்லை என்று அன்றுதான் அக்காவுக்குத் தெரிந்தது. வீட்டுக்குக் காட்ட வேண்டும் என்று கடிதத்தைக் கடன் கேட்டார். அக்கா ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அசலையே கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகு அச்சகத்து ஆட்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கும் பல்லில் கோளாறு இல்லை. அக்கா ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரித்துப் புத்தகம் கொடுத்தாள். டாக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வலியோடு வருகிறவர்களுக்கு உட்கார இடமில்லை என்று சத்தம் போட்டார். கூடுதலாக நான்கு நாற்காலியும் ஒரு அலமாரியும் வந்தது அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். அவர் மட்டும் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. "நாள் முழுக்க வாயைப் பார்க்கறேன், கண்ணுக்கு ஓய்வு வேண்டாமா?" என்பார். அக்கா வற்புறுத்தவில்லை. யாரையும் வற்புறுத்திக் கொடுத்த புத்தகம் உருப்பட்டதில்லை என்பது அவள் அனுபவம்.

போன வாரம், படகுப் புத்தகத்தை வரைந்தவரின் புதுப் புத்தகம் வந்து சேர்ந்தது. காத்திருந்து காத்திருந்து வாங்கியது. பிழை சார் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிப்பது என்று ஒப்பந்தம். அதனால் பொட்டலத்தை மேசை மேல் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தடவிப் பார்த்தபடி அக்கா டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு அவர் மூச்சிரைக்க வந்தார். மேசையில் பொட்டலம் இல்லை.

இழுப்பறையில் தேடினாள். அலமாரியில் தேடினாள். நாற்காலிக்கு அடியில் பிழை சார் தேடினார். அப்போதுதான் உள்ளறையில் ட்ரில் சத்தம் வெகுநேரமாகக் கேட்கவில்லை என்பது உறைத்தது. கதவைத் தள்ளினால், நோயாளி நாற்காலி காலி. அதில் டாக்டரே கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். மேலே அந்தப் பெரிய விளக்கு. பக்கத்துத் தட்டில் கத்தரிக்கோலும் கிழித்த பழுப்புத் தாளும். மடியில் புத்தகம், ஏறக்குறைய பாதி வரை.

"டாக்டர்!" என்று கத்தினாள் அக்கா.

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

"ஷ்ஷ்! இரு. இந்தப் பொண்ணு இப்போ கதவைத் திறக்கப் போறா."